வளவு மரங்கொத்தி: நோக்கலும் படம்பிடித்தலும்

மரங்கொத்தி என்னும் பெயரை அறியாத தமிழ்ப் பிள்ளை இல்லை. அப்புள்ளை நின்று நோக்கிய பிள்ளையோ அரிது. பாடநூலிற் படத்தைக் கண்டவுடன் பெயர் சொல்லும் மாணவன், தன் வீட்டுக் கிணற்றடித் தென்னையில் அது நாள்தோறும் வந்து ஏறுவதைக் காணாமலே பாடசாலைக்குப் போகின்றான். கானகத்துக்குச் சென்றாலன்றிக் காண முடியாத பறவை என்று எண்ணுவோரும் உளர். அவ்வெண்ணம் பொருந்தாது. பனங்கூடலும் தென்னந்தோப்பும் முருங்கையும் பூவரசும் உள்ள எவ்வூரிலும் இது வாழும்.

யாழ்ப்பாணக் குடாநாட்டிலும் அதனைச் சார்ந்த வடபகுதியிலும் நாம் காண்பது பொன்முதுகு மரங்கொத்தியாகும். இதன் நீளம் 26 முதல் 29 சதமமீற்றர் வரையாகும். முதுகு பொன்மஞ்சள், பிடரியும் வாலடியும் கருமை, கருநிறத் தொண்டையில் வெண்புள்ளிகள் விரவியிருக்கும். ஆண் பறவையின் உச்சி முழுவதும் செந்நிறமாயிருக்க, பெண் பறவைக்கு முன்னுச்சி கறுத்து வெண்புள்ளி பெற்றிருக்கும்; கொண்டையின் பின்புறம் மட்டுமே சிவக்கும். ஆணையும் பெண்ணையும் பிரித்தறிய இவ்வொரு குறிப்பே போதும். அறிவியலார் இதற்கிட்ட இலத்தீன் பெயரின் மூன்றாம் சொல் 'ஜவ்னென்சே' என்பது. யாழ்ப்பாணத்துக்குரியது என்பது அதன் பொருள். நம்மூர்ப் பெயரைத் தாங்கி உலகத்துப் பறவை நூல்களிலெல்லாம் இடம்பெறும் இப்புள்ளை நம்மூரார் அறியாதிருப்பது வியப்பே.

தென்னிலங்கையில் இதே வடிவும் இதே குரலும் உடைய மரங்கொத்தி முதுகு சிவந்து காணப்படும். நெடுங்காலம் இவ்விரண்டும் ஓரினத்தின் இருவகை என்றே கருதப்பட்டன. 2016ஆம் ஆண்டில் இலங்கை ஆய்வாளரும் கனடிய ஆய்வாளரும் சேர்ந்து, இறகின் நிறத்தையும் மரபணுவையும் ஒப்புநோக்கி, செம்முதுகுப் பறவை தனியினமே எனக் காட்டினர். இலங்கையன்றி உலகில் வேறெங்கும் அது இல்லை. ஆயினும், இரண்டும் சந்திக்கும் இடைநிலத்தில் அவை தம்முட் கலக்கின்றன. அங்கே பொன்னுமல்லாது செம்மையுமல்லாது செம்மஞ்சள் முதுகுடைய பறவைகள் காணப்படுகின்றன. இச்செய்தி படம்பிடிப்போர்க்கு மிகவும் வேண்டற்பாலது. பின்னர் அதனைக் கூறுவேன்.

இலங்கையிலுள்ள ஏனைய மரங்கொத்திகளுள் இரண்டை மட்டும் இங்குக் குறிப்பிடுவேன். ஒன்று சிட்டுக்குருவியளவேயான குட்டை மரங்கொத்தி. மெல்லிய கிளைகளில் ஓசையின்றித் திரிவதாற் பலர் கண்ணிற் படுவதில்லை. மற்றொன்று செம்பழுப்பு மரங்கொத்தி. அது மரத்தில் எறும்புகள் கட்டிய கூட்டையே குடைந்து, எறும்புகள் குடியிருக்க, அதனுள்ளே முட்டையிடும். இரையின் வீட்டிலேயே குடியேறும் இவ்விருந்தாளியின் துணிவு ஆராயத்தக்கது.

இனி, இப்புள்ளின் உறுப்பமைதியைப் பார்ப்போம். ஏனைய குருவிகளுக்கு மூன்று விரல் முன்னும் ஒரு விரல் பின்னுமாக அமைந்திருக்க, இதற்கு இரண்டு முன்னும் இரண்டு பின்னுமாக அமைந்துள்ளன. வாலிறகுகள் விறைத்துக் கூர்மையானவை. அவற்றை மரத்தில் ஊன்றி, இரு காலும் வாலுமாக முக்காலியிலிருப்பது போன்று நிற்கும். நாவின் அமைப்போ இன்னும் வியப்புக்குரியது. நாவைத் தாங்கும் எலும்பும் தசையும் தொண்டையிலிருந்து பின்சென்று, மண்டையோட்டைச் சுற்றி உச்சி வழியாக நெற்றிப்புறம் வரை நீள்கின்றன. அதனாலேயே அலகுக்கு வெளியே நெடுந்தூரம் நாவை நீட்டித் துளையினுள்ளிருக்கும் புழுவை இழுத்தெடுக்க முடிகின்றது. நாநுனியில் முட்களும் பசையான உமிழ்நீரும் உண்டு.

இத்துணை வலிமையாக மோதியும் மூளை கலங்காததேன் என்று மாணாக்கர் கேட்பர். மண்டையோடு பஞ்சுபோல் அதிர்ச்சியை உறிஞ்சுகின்றது என்றே பல நூல்கள் எழுதி வந்தன. நம் வகுப்பறைகளிலும் அவ்வாறே சொல்லப்பட்டது. 2022ஆம் ஆண்டில் வெளிவந்த பெல்சிய நாட்டு ஆய்வொன்று இதனை மறுத்துள்ளது. விரைவுப் படக்கருவி கொண்டு மூவகை மரங்கொத்திகளை அளந்தபோது, அலகும் தலையும் ஒருங்கே அதிர்ந்து நிற்பதே காணப்பட்டது. சிந்தித்துப் பார்ப்பின் இது முறையே. தலை அதிர்ச்சியை உறிஞ்சுமாயின் கொத்தும் வலிமை அங்கேயே வீணாகுமன்றோ? பஞ்சு சுற்றிய சுத்தியலால் ஆணி அறைவார் யார்? மூளை மிகச் சிறிதாயிருத்தலே அதற்குக் காவல் என்பது அவ்வாய்வாளர் முடிபு.

மரங்கொத்தி மரத்தைக் கொல்லும் என்னும் பழி கமக்காரரிடையே இன்றும் உண்டு. பச்சைத் தென்னையில் அது கொத்துவது பெரும்பாலும் எறும்பையும் வண்டின் புழுவையும் தேடியே. கூட்டுக்காக அது நாடுவது பட்டுப்போன மரத்தையும் உளுத்த கிளையையுமே. பனையின் புறம் இரும்பு போன்றது, உள்ளோ மென்மையானது. வட்டு விழுந்த பனை சில ஆண்டு நின்று உக்கத் தொடங்கியபின்னரே அலகுக்கு இடங்கொடுக்கும். அங்கே ஆணும் பெண்ணும் மாறி மாறிக் குடைந்து, இரண்டு அல்லது மூன்று வெண்ணிற முட்டையிடும். ஏறக்குறையப் பதினொரு நாளிற் குஞ்சு பொரிக்கும். மேலும் இருபது நாளளவிற் குஞ்சுகள் வெளியேறும். அப்பொந்து பிறகு கிளிக்கோ மைனாவுக்கோ சிறு ஆந்தைக்கோ வீடாகும். தாமே குடைய இயலாத அவற்றுக்கு மரங்கொத்தியே தச்சன். போரினால் தலையிழந்து நின்ற பனைகள் ஆயிரமாயிரம். காணி துப்புரவாக்குவோர் மொட்டைப் பனையைக் கண்டவுடன் தறிக்கச் சொல்லுகின்றனர். வீட்டின்மீது விழக்கூடியதைத் தறிப்பதை யாரும் குறைகூறார். வேலியோரத்தில் ஒருவருக்கும் இடரின்றி நிற்கும் ஒன்றை விட்டுவைக்கலாகாதா? அதனைத் தறிப்பதால் வரும் வருவாய் சொற்பம்.

நோக்க விரும்புவோர் முதலிற் காதைப் பழக்குதல் வேண்டும். பறக்கும்போது இப்புள் எழுப்பும் ஒலி, கனைப்பும் சிரிப்புங் கலந்த நீண்ட குரலாகும். கொத்தும் ஓசையிலும் இருவகை உண்டு: விட்டு விட்டுக் கேட்பது இரை தேடுவது, இடையறாது உருண்டு கேட்பது பிற புட்களுக்குத் தன் இடத்தை அறிவிக்கும் பறையொலி. பறத்தலோ அலை போன்று எழுந்து தாழ்ந்து செல்வது. ஆளைக் கண்டால் ஓடாது. மரத்தின் மறுபுறஞ் சென்று தலையை மட்டும் நீட்டி எட்டிப் பார்க்கும். அவ்வேளை நாம் மரத்தைச் சுற்றினால் அதுவும் சுற்றும். நின்ற இடத்திலேயே நின்றால், சிறிது நேரத்தில் தானே இப்புறம் வரும். பொதுவாக அடியிலிருந்து மேலேறி, முடிந்ததும் அடுத்த மரத்தின் தாழ்ந்த பகுதிக்குப் பறக்கும். ஆகவே அது முதல் மரத்தின் உச்சியை அணுகுகையில் இரண்டாம் மரத்தின் அடிப்பாகத்தை நோக்கிக் கருவியைச் சித்தஞ் செய்து காத்திருத்தலே சாலும்.

படம்பிடித்தற்கு வளவே காட்டினும் வாய்ப்பானது. விறாந்தைத் தூணோ சமையலறைச் சாளரமோ நல்ல மறைவிடமாகும். வீட்டார் நடமாட்டத்துக்குப் பறவை முன்னரே பழகியிருக்கும். காலை வெயில் முதுகுப்புறம் விழுமாறு நிற்றல் நன்று. கொத்தும் தலை தெளிவாக விழ வேண்டுமாயின் ஒரு நொடியின் ஆயிரத்திலொரு பங்கோ அதனினும் குறைவோ ஆன நேரத்துக்கே கருவியின் கண் திறக்க வேண்டும். இல்லையேல் உடல் தெளிந்து தலை புகைபோல் நிற்கும். கரிய மரத்தில் ஒளியளவை எடுத்தாற் பொன்முதுகு வெளிறிவிடும். ஆதலாற் சிறிது ஒளியைக் குறைத்தே எடுத்தல் வேண்டும். இக்காலத்திற் கைப்பேசியிற் பதிந்த குரலை ஒலிக்கச் செய்து பறவையை அழைப்போர் உளர். தன் எல்லைக்குள் பகை வந்ததென்று அது இரையையும் குஞ்சையும் விட்டு ஓடிவரும். இதனை யான் வெறுக்கின்றேன். பொந்தின் வாயிலில் நின்று படமெடுத்தலும் அத்தகையதே. உணவோடு வந்த தாய் நம்மைக் கண்டு திரும்புமாயின், நாம் அருகில் வந்துவிட்டோம் என்பது பொருள். உடனே அகலுதல் வேண்டும்.

முன்னர்ச் சொன்ன நிறச்செய்திக்கு வருவோம். மன்னார், வவுனியா, திருகோணமலைப் பக்கங்களில் வாழும் பழைய மாணவர் எடுக்கும் படம் ஒவ்வொன்றும், பொன்னிறம் எங்கே முடிந்து செந்நிறம் எங்கே தொடங்குகின்றது என்பதற்குச் சான்றாக உதவும். ஆனால் மாலை வெயில் மஞ்சளைச் செம்மஞ்சளாகக் காட்டும். அவ்வேளைப் படத்தைக் கொண்டு கலப்பினம் என்று கூறுதல் தவறு. முற்பகலில், முதுகு முழுவதும் தெரிய எடுத்து, ஊர், நாள், நேரம், மரம், ஆணோ பெண்ணோ என்பவற்றை அன்றே எழுதி வைத்தல் வேண்டும். இயன்றால் அதே மரத்தின் பச்சையோலை ஒன்றும் படத்தில் விழட்டும். ஓலையின் பச்சை மாறாதிருப்பின் முதுகின் நிறத்தையும் நம்பலாம்.