டையோடு சுற்றுகளைக் கணக்கிடுவது எப்படி?

தங்கவயல் சுரங்கங்களுக்குச் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்த ஆண்டு 1902. சுமார் 147 கிலோமீட்டர் தூரம் கம்பியில் வந்த அது ஏ.சி. என்னும் மாறுதிசை மின்சாரம். இன்று நம் வீடுகளுக்கு வருவதும் அதுவே. ஆனால் ரேடியோவுக்கும் கைப்பேசிக்கும் டி.சி. என்னும் நேர்திசை மின்சாரம்தான் வேண்டும். ஏ.சி.யை டி.சி.யாக்கும் வேலையைச் செய்வது டையோடு. பி.யூ.சி., டிப்ளமோ படிக்கும் நம் பிள்ளைகள் ஓம் விதிக் கணக்கைத் தயங்காமல் போடுகிறார்கள். சுற்றில் இரண்டு டையோடுகள் வந்தால் திகைத்து நிற்கிறார்கள். அவர்களுக்காகவே இப்பாடம்.

டையோடின் குணம்

டையோடு, ஆனோடு முனையிலிருந்து கேத்தோடு முனைக்கு மட்டுமே மின்னோட்டத்தை விடும். உடலில் வளையக் கோடு உள்ள பக்கம் கேத்தோடு. கடத்தும்போது சிலிக்கான் டையோடில் சுமார் 0.7 வோல்ட் குறையும். கடத்தாதபோது அது அறுந்த கம்பிக்குச் சமம்.

சிக்கல் இதுதான்: டையோடு கடத்துகிறதா என்று தெரிந்தால்தான் கணக்குப் போட முடியும், கணக்குப் போட்டால்தான் அது கடத்துகிறதா என்று தெரியும். இதற்கு மூன்று படிகள் உண்டு.

1. ஒவ்வொரு டையோடும் கடத்துகிறது அல்லது கடத்தவில்லை என்று ஊகித்துக்கொள்ளுங்கள்.
2. கடத்தும் டையோடுக்குப் பதில் 0.7 வோல்ட், கடத்தாததற்குப் பதில் திறந்த சுற்று என வைத்துக் கணக்கிடுங்கள்.
3. சரிபாருங்கள். கடத்தும் டையோடில் மின்னோட்டம் ஆனோடிலிருந்து கேத்தோடுக்குச் செல்ல வேண்டும். கடத்தாத டையோடில் ஆனோடு, கேத்தோடைவிட 0.7 வோல்ட் உயர்ந்திருக்கக் கூடாது. முரண்பட்டால் ஊகத்தை மாற்றுங்கள்.

எடுத்துக்காட்டு

12 வோல்ட் அடாப்டர் ஒன்று, 9 வோல்ட் பேட்டரி ஒன்று. இரண்டின் நேர்முனைகளும் தனித்தனி டையோடு வழியாக ஒரே 1000 ஓம் மின்தடைக்கு வருகின்றன.

இரண்டும் கடத்துவதாக ஊகித்தால், மின்தடையின் மேல்முனை ஒரே நேரத்தில் 11.3 வோல்ட்டாகவும் 8.3 வோல்ட்டாகவும் இருக்க வேண்டும். இது நடக்காது. பேட்டரி டையோடு மட்டும் கடத்துவதாகக் கொண்டால் மேல்முனை 8.3 வோல்ட். அப்போது அடாப்டர் டையோடின் மேல் 3.7 வோல்ட் முன்னோக்கி நிற்கிறது. அது கடத்தாமல் இருக்க முடியாது. அடாப்டர் டையோடு மட்டும் கடத்துவதாகக் கொண்டால் மேல்முனை 11.3 வோல்ட், மின்னோட்டம் 11.3 மில்லி ஆம்பியர். பேட்டரி டையோடில் ஆனோடு 9, கேத்தோடு 11.3, எனவே அது கடத்தாது. முரண்பாடு இல்லை, இதுவே விடை. கரண்ட் போய்விட்டால் பேட்டரி டையோடு தானாகவே பொறுப்பேற்று 8.3 வோல்ட் தரும்.

இதே சுற்றை டையோடு இல்லாமல் இணைத்தால் அடாப்டரின் மின்னோட்டம் பேட்டரிக்குள் பின்னோக்கிப் பாயும். சாதாரண உலர் பேட்டரி சூடேறிக் கசியும், வெடிக்கவும் கூடும். ஐந்தாறு ரூபாய்ப் பொருள்தானே என்று டையோடை விட்டுவிடாதீர்கள்.

ரயிலிலும் இதே விதி

ஜோலார்பேட்டை–பெங்களூர் பாதையில் மேல்கம்பியில் வருவது 25,000 வோல்ட் ஏ.சி. டபிள்யூ.ஏ.பி.-4 வகை இன்ஜினில் டிரான்ஸ்பார்மர் அதைக் குறைக்க, சிலிக்கான் டையோடுகளாலான பிரிட்ஜ் அதை டி.சி.யாக்கி மோட்டார்களுக்கு அனுப்புகிறது. நான்கு டையோடு பிரிட்ஜில் ஒவ்வொரு அரைச் சுற்றிலும் எதிரெதிரான இரண்டு மட்டுமே கடத்தும். வீட்டில் செய்யும் 12 வோல்ட் டிரான்ஸ்பார்மர் பிரிட்ஜிலும் அப்படியே. 12 வோல்ட்டின் உச்சம் சுமார் 17. இரு டையோடுகளுக்கு 1.4 போக மீதி 15.6. இதற்கு 16 வோல்ட் கெப்பாசிட்டர் போதும் என்று எண்ண வேண்டாம். லைன் வோல்ட்டேஜ் சற்றே ஏறினாலும் அது கெட்டுவிடும். 25 வோல்ட் கெப்பாசிட்டரே பாதுகாப்பு.

பயிற்சி

6 வோல்ட் பேட்டரி, 1000 ஓம் மின்தடை, ஒரே திசையில் தொடராக இரண்டு சிலிக்கான் டையோடுகள். மின்னோட்டம் எவ்வளவு? ஒரு டையோடைத் திருப்பிப் போட்டால் எவ்வளவு?

(விடை: 4.6 மில்லி ஆம்பியர், பூஜ்யம்.)

விடையை மட்டும் எழுதாமல், மூன்றாம் படியையும் தாளில் எழுதிப் பழகுங்கள். தேர்விலும் பணிமனையிலும் உங்களைக் காப்பது அந்தப் படிதான்.