கூடி மிதித்தால் நெடுவழியும் குறுகும்



மிதிவண்டி நமக்குப் புதியதன்று. விடியுமுன் பால்வாளியைக் கட்டிக்கொண்டு மிதிவண்டியில் பால்மரக் காட்டுக்குச் சென்ற பாட்டனாரையும் தந்தையாரையும் நம்மில் பலர் அறிவோம். அவர்களுக்கு அஃது உழைப்பின் கருவி. அதே மிதிவண்டியில், பந்தயமாக அன்றி, மனமகிழ்ச்சிக்காகப் பலர் ஒன்றுகூடி ஒரு மாநிலத்தையே கடந்த வரலாற்றை இக்கட்டுரையில் காண்போம்.

அமெரிக்காவின் நடுப்பகுதியில் உள்ளது அயோவா மாநிலம். மக்காச்சோளம் செழித்து வளரும் நிலம் அது. அதன் மேற்கு எல்லையில் மிசௌரி ஆறும் கிழக்கு எல்லையில் மிசிசிப்பி ஆறும் ஓடுகின்றன. அங்கு நாளிதழ் ஒன்றில் பணியாற்றிய ஜான் கார்ராஸ், டொனால்ட் கவுல் என்னும் இருவர், 1973ஆம் ஆண்டில் மேற்கிலிருந்து கிழக்குவரை மிதிவண்டியில் சென்று, வழியில் கண்டவற்றை எழுதத் திட்டமிட்டனர். விருப்பமுள்ளோர் உடன் வரலாம் என்று நாளிதழ் வாயிலாக அழைப்பும் விடுத்தனர்.

ஆகஸ்டு 26ஆம் நாள் சூ சிட்டி நகரில் ஏறத்தாழ 300 பேர் வந்து கூடினர்! ஆறு நாள்களில் டேவன்போர்ட் நகரை அடைய வேண்டும். வழியின் நீளம் ஏறத்தாழ 660 கிலோமீட்டர்; கோலாலம்பூரிலிருந்து ஜொகூர் பாரு சென்று திரும்பும் தொலைவு எனலாம்.

அக்கூட்டத்தில் கிளாரன்ஸ் பிக்கார்ட் என்னும் 83 வயது முதியவரும் இருந்தார். அவர் ஓட்டியது மகளிர் மிதிவண்டி. தலையிலோ, முன்னாளில் நம் தோட்டத்துத் துரைமார் அணிந்தது போன்ற தக்கைத் தொப்பி! ஐந்தாம் நாள் பயணமே மிக நீண்டது. டி மொய்ன் நகரிலிருந்து வில்லியம்ஸ்பர்க் வரை சுமார் 177 கிலோமீட்டர், வெயிலோ கடுமை. அதனையும் கடந்தார் அப்பெரியவர். முழு வழியையும் மிதித்தே முடித்தோர் 114 பேர். அவருள் பிக்கார்ட் அவர்களும் ஒருவர்.

இது பந்தயமாக இருந்திருப்பின், 83 வயது முதியவருக்கு அங்கே இடம் ஏது? முதலில் வந்தவருக்குப் பரிசு இல்லை. இறுதியில் வந்தவருக்கு இகழ்ச்சியும் இல்லை. எனவேதான் முதியோரும் இளையோரும் ஒரே சாலையில் செல்ல இயன்றது.

கூடிச் செல்வதால் விளையும் நன்மைகள் யாவை?

முதலாவது, காற்று. விரைந்து செல்பவரைக் காற்று எதிர்த்துத் தள்ளுகிறது. முன்னே செல்பவர் அக்காற்றைப் பிளந்து செல்வதால், பின்னே வருபவருக்கு உழைப்புக் குறைகிறது. ஆதலால் வலிமையுள்ளோர் மாறி மாறி முன்னே சென்று, களைத்தவரைப் பின்னே வரச் செய்வர்.

இரண்டாவது, எச்சரிக்கை. பின்னே வருபவருக்குச் சாலையிலுள்ள பள்ளம் தெரியாது. முன்னே செல்பவர் கையால் சுட்டியோ, குரல் கொடுத்தோ அறிவிக்க வேண்டும். முன்னறிவிப்பின்றித் திடீரென நிறுத்தினால், பின்னே வருவோர் ஒருவர்மேல் ஒருவர் விழ நேரிடும். போதிய இடைவெளி விடுவதும் கடமையாகும்.

மூன்றாவது, உடல்நலம். வெயிலில் வியர்வையோடு நீரும் உப்பும் வெளியேறுகின்றன. தாகம் மிகுமுன் நீர் பருக வேண்டும். பசி வாட்டுமுன் சிறிது உண்ண வேண்டும். உடன் வருபவரின் முகவாட்டத்தைக் கண்டு நிழலில் அமர்த்துவது தோழனின் கடமை.

பயணம் முடிந்ததும் நாளிதழுக்குக் கடிதங்கள் வந்து குவிந்தன. பள்ளி திறக்கும் காலமாதலால் வர இயலவில்லை எனப் பலர் வருந்தினர். ஆகவே 1974இல் பயணம் ஆகஸ்டுத் தொடக்கத்திற்கு மாற்றப்பட்டது. இந்நாளில் அஃது ஜூலை இறுதியில் ஏழு நாள் பயணமாக நடைபெறுகிறது. 2020இல் மட்டும் பெருந்தொற்றால் நின்றது. புறப்படும்போது பின்சக்கரத்தை மேற்கு ஆற்றிலும், முடிக்கும்போது முன்சக்கரத்தைக் கிழக்கு ஆற்றிலும் நனைப்பது அவர்களின் வழக்கம்.

மாணவர்களே! வகுப்பும் ஒரு நெடும்பயணமே. விரைந்து கற்பவர், மெல்லக் கற்கும் தோழனுக்காகச் சற்றே காற்றைப் பிளந்து முன்செல்ல வேண்டும். மெல்லக் கற்பவரும் மிதிப்பதை நிறுத்துதல் கூடாது. ஒருவரையும் வழியில் விட்டுவிடாமல் அனைவரும் கரை சேர்வதே உண்மையான வெற்றியாகும்.

சிந்திக்க:
1. முன்னே செல்பவரால் பின்னே வருபவருக்கு உழைப்புக் குறைவது ஏன்?
2. பிக்கார்ட் அவர்களிடமிருந்து நீ கற்றது யாது?