பட்டா நிலத்தில் பறவைக் காப்பு: கூட்டத்தில் நீங்கள் கேட்க வேண்டியவை

உங்கள் தோட்டத்துப் புளிய மரத்தில் ஆண்டுதோறும் நாரைகள் கூடு கட்டலாம். உங்கள் புஞ்சை ஓரக் குட்டையில் நீர்ப்பறவைகள் வந்து இறங்கலாம். இத்தகைய இடங்களைக் காப்பது குறித்து வனத்துறை, ஊராட்சி, தன்னார்வ அமைப்புகள் ஆகியவற்றைச் சேர்ந்தவர்கள் நில உரிமையாளர்களை வட்டார அளவில் கூட்டிப் பேசுவது உண்டு. அத்தகைய கூட்டத்திற்கு அழைப்பு வந்தால், நிலம் பறிபோய்விடும் என்று அஞ்சி வீட்டிலேயே இருந்துவிடுவது தவறு. காட்டிய இடத்தில் கையெழுத்திட்டுத் திரும்புவதும் தவறு. விவரம் அறிந்து செல்வதே முறை.

கொக்கரே பெள்ளூர் தரும் பாடம்

கர்நாடக மாநிலம் மாண்டியா மாவட்டத்தில், சிம்ஷா ஆற்றுக்கு அருகே கொக்கரே பெள்ளூர் என்ற சிற்றூர் உள்ளது. கூழைக்கடாக்களும் மஞ்சள் மூக்கு நாரைகளும் ஊருக்குள்ளேயே, வீட்டுக் கொல்லைகளில் நிற்கும் புளிய மரங்களிலும் அத்தி, ஆல் வகை மரங்களிலும் கூடு கட்டுகின்றன. இம்மரங்களில் பல தனியாருக்குச் சொந்தமானவை.

இதில் உரிமையாளருக்கு நட்டம் உண்டு. புளி பழுத்து உலுக்கும் காலமும், பறவைகள் குஞ்சு வளர்க்கும் காலமும் ஒன்றாகவே வருகின்றன. மரத்தை உலுக்கினால் குஞ்சுகள் விழுந்து மடியும். உலுக்காவிட்டால் புளி வருமானம் போகும். இந்த இழப்பை ஈடுசெய்ய மர உரிமையாளர்களுக்குக் கர்நாடக வனத்துறை தொகை வழங்கி வந்துள்ளது. 2007-ஆம் ஆண்டில் இவ்வூர் சமுதாயக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது.

பயனும் இல்லாமல் இல்லை. மீன் தின்னும் இப்பறவைகளின் எச்சத்தில் தழைச்சத்தும் மணிச்சத்தும் மிகுதி. அவ்வூர் மக்கள் மரத்தடியில் குழி எடுத்து, விழும் எச்சத்துடன் ஏரி வண்டலைக் கலந்து உரமாக்குகின்றனர். உங்கள் தோட்டத்தில் இவ்வாறு செய்வதானால், புதிய எச்சத்தை அப்படியே பயிருக்கு இடாதீர்கள், பயிர் கருகும். வண்டலும் சருகும் கலந்து நன்கு மக்கிய பின்பே இடுங்கள். எச்சத்தை அள்ளும்போது தூசி பறக்காதபடி நீர் தெளித்து, மூக்கையும் வாயையும் துணியால் மூடிக்கொள்ளுங்கள்.

சட்டம் கூறுவது என்ன?

1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில், 2002-ஆம் ஆண்டுத் திருத்தத்தின் மூலம் சமுதாயக் காப்பகம் என்ற முறை சேர்க்கப்பட்டது. ஊர் மக்களோ தனி ஒருவரோ தாமாக முன்வந்தால், தனியார் நிலத்தையும் மாநில அரசு இவ்வாறு அறிவிக்கலாம். ‘தாமாக முன்வந்தால்’ என்பதை நன்கு நினைவில் வையுங்கள்.

அதைவிட முக்கியமானது ஒன்று உண்டு. அறிவிப்பு வெளியான பின், அந்நிலத்தின் பயன்பாட்டை உங்கள் விருப்பப்படி மாற்ற இயலாது. மேலாண்மைக் குழுவின் தீர்மானமும் மாநில அரசின் ஒப்புதலும் வேண்டும். தனியார் நிலமானால் அக்குழுவில் நில உரிமையாளர், வனத்துறைப் பிரதிநிதி, ஊராட்சி அல்லது பழங்குடிச் சமூகத்தின் பிரதிநிதி ஆகியோர் இடம்பெற வேண்டும் என்று 2022-ஆம் ஆண்டுத் திருத்தம் கூறுகிறது. ஆகவே நிலம் உங்களுடையதாகவே இருக்கும். ஆனால் அதன் பயன்பாட்டை முடிவு செய்வதில் மற்றவர்க்கும் பங்கு வந்துவிடும். நாளை அங்கே வீடு கட்ட எண்ணுபவரும், நிலத்தைப் பிள்ளைகளுக்குப் பாகம் பிரிக்க இருப்பவரும் இதை முன்கூட்டியே யோசிக்க வேண்டும்.

கூட்டத்திற்கு முன்

பட்டா, அடங்கல், புல வரைபடம் ஆகியவற்றின் நகல்களை எடுத்துக்கொள்ளுங்கள். கூட்டுப் பட்டாவாயின் பங்காளிகளிடம் கலந்து பேசுங்கள். பறவைகள் தங்கும் மரங்கள் எத்தனை, அவை வரும் மாதம், போகும் மாதம், மரம் ஒன்றுக்குச் சராசரியாகக் கிடைத்து வந்த புளி எத்தனை கிலோ என்பனவற்றை ஒரு நோட்டில் குறித்துச் செல்லுங்கள். கணக்கு இல்லாமல் இழப்பீடு கேட்டால் எவரிடமும் பேச்சு எடுபடாது.

கூட்டத்தில் கேட்க வேண்டியவை

1. எந்தப் புல எண், எவ்வளவு பரப்பு? முழு நிலமா, மரம் நிற்கும் பகுதி மட்டுமா?

2. உழவு, கிணறு வெட்டுதல், மோட்டார் கொட்டகை அமைத்தல், கிளை கழித்தல் ஆகியவற்றில் எவை தடையின்றித் தொடரலாம்?

3. இழப்பீடு எவ்வளவு? எந்த மாதத்தில், யார் வழங்குவர்? தாமதமானால் யாரிடம் முறையிடுவது?

4. இது வெறும் உடன்பாடா, அரசு அறிவிப்பாகப் போகிறதா? விலக விரும்பினால் வழி உண்டா?

பதில்களை எழுத்தில் கேளுங்கள். ஒப்பந்தத்தின் தமிழ்ப் படியை வீட்டிற்கு எடுத்துச் சென்று, நிதானமாகப் படித்த பின்பே கையெழுத்திடுங்கள். அவசரம் வேண்டாம்.

அறிவிப்பு எதுவும் இல்லாமலும் நீங்கள் செய்யக்கூடியவை உண்டு. கூடுள்ள மரத்தைக் குஞ்சுகள் பறக்கும் வரை வெட்டாமலும் உலுக்காமலும் விடலாம். பூச்சிக்கொல்லி தெளித்த கருவிகளைக் குட்டையில் கழுவாதிருக்கலாம். வரப்போர உயிர்வேலியை அழிக்காமல் வைத்திருக்கலாம்.

பறவைக்கு இடம் கொடுக்கும் உழவர் நட்டப்படக் கூடாது. நட்டப்பட்டால் அடுத்த தலைமுறை அம்மரத்தை நிற்க விடாது. இதை மற்றவர்கள் எடுத்துச் சொல்வார்கள் என்று காத்திராமல், கூட்டத்தில் நீங்களே எழுந்து சொல்லுங்கள்.