டிராக்டர் எஞ்சினில் ஆயில் ஜெட்டைப் பெரிதாக்கலாமா?

டிராக்டர் எஞ்சினைப் பிரித்து ஓவர்ஹாலிங் செய்யும்போது, "பெரிய ஆயில் ஜெட் போட்டுவிட்டால் எஞ்சின் சூடே ஏறாது" என்று சில பட்டறைகளில் சொல்வதுண்டு. உழவுப் பருவம் நெருங்கும் வேளையில், கடன் வாங்கியாவது வண்டியைச் சரிசெய்ய நினைக்கும் சிறு விவசாயிக்கு இது நல்ல யோசனையாகவே தோன்றும். ஆனால் விவரமறியாமல் செய்யும் இம்மாற்றம் கிராங்க் ஷாஃப்டையே பழுதாக்கிவிடலாம்.

ஜெட்டின் வேலை என்ன?

டீசல் எரியும் வெப்பத்தில் சுமார் மூன்றில் ஒரு பங்கே உழைப்பாக மாறுகிறது. மீதி வெப்பம் புகை, ரேடியேட்டர் நீர், எஞ்சின் ஆயில் ஆகியவற்றின் வழியே வெளியேற வேண்டும். வெப்பத்தை நேரே தாங்குவது பிஸ்டனின் தலைப்பகுதி. பிஸ்டன் பெரும்பாலும் அலுமினியக் கலவையால் ஆனது. அலுமினியம் 660 டிகிரி செல்சியசில் உருகும்; அதற்கு வெகு முன்பே வலு குறைந்துவிடும். எனவே டர்போ பொருத்திய பல எஞ்சின்களில், ஒவ்வொரு பிஸ்டனுக்கும் அடியில் ஒரு சிறு குழாய்முனை ஆயிலைப் பீய்ச்சி அடிக்கும். இதுவே ஆயில் ஜெட். ஜெட் இல்லாத எஞ்சின்களில் வெப்பம் பிஸ்டன் வளையங்கள் வழியே லைனருக்கும் நீருக்கும் செல்கிறது. அவை அதற்கேற்பவே அமைக்கப்பட்டவை.

மேல்மடையும் கடைமடையும்

ஜெட்டுக்கும் பேரிங்குகளுக்கும் ஒரே ஆயில் பம்புதான் ஆயில் அனுப்புகிறது. வாய்க்காலில் மேல்மடையை அகலத் திறந்தால் கடைமடைக்குத் தண்ணீர் எட்டாது அல்லவா? அதுபோலவே, ஜெட்டின் துளை பெரிதானால் பேரிங்குகளுக்குச் செல்லும் ஆயிலின் அழுத்தம் குறையும். 1 மி.மீ. துளையை 1.5 மி.மீ. ஆக்கினால் துளையின் பரப்பு இரண்டே கால் மடங்காகிறது. தேய்ந்த பம்பு இதைத் தாங்காது. சில ஜெட்டுகளில் ஸ்பிரிங்கும் குண்டும் இருக்கும். அழுத்தம் குறைந்த நேரத்தில் குண்டு வழியை அடைத்து, ஆயிலைப் பேரிங்குகளுக்கே விட்டுக்கொடுக்கும். குண்டு இல்லாத மலிவான ஜெட்டை மாற்றிப் போட்டால் இந்தப் பாதுகாப்பு போய்விடும்.

முதலில் பார்க்க வேண்டியவை

1. ரேடியேட்டரில் வைக்கோல் தூசு, பதர் அடைத்துள்ளதா? விசிறி பெல்ட் தளர்ந்துள்ளதா?

2. ஆயில் அளவும் ரகமும் கையேட்டில் உள்ளபடி இருக்கின்றனவா?

3. கரும்புகை வருகிறதா? டீசல் அதிகமாகப் பாய்வது, காற்று வடிகட்டி அடைபட்டிருப்பது, வண்டியின் சக்திக்கு மீறிய கருவியை இழுப்பது ஆகியவை இதற்குக் காரணமாகலாம்.

4. எஞ்சின் நன்கு சூடான பின், தனி அழுத்தமானியைப் பொருத்தி, மெதுவான ஓட்டத்திலும் வேலை வேகத்திலும் ஆயில் அழுத்தத்தை அளந்து, கையேட்டுடன் ஒப்பிட வேண்டும். அழுத்தம் குறைவாக இருப்பின் கவனிக்க வேண்டியவை பேரிங், பம்பு, ரிலீஃப் வால்வு ஆகியனவே.

சூடு ஏறுவதற்கு முதல் மூன்றில் ஒன்று காரணமாயின், ஜெட்டுக்குச் செலவிடும் பணம் வீணே.

எப்போது மாற்றலாம்?

ஜெட் வளைந்திருந்தாலோ, அடைப்பு நீங்காவிட்டாலோ, குண்டு சிக்கியிருந்தாலோ மாற்றியே ஆகவேண்டும். ஒரு ஜெட் அடைபட்டாலும் அந்த பிஸ்டன் சூடேறி லைனரைப் பிடித்துக்கொள்ளும். ஆனால் அதே எஞ்சினுக்குரிய, அதே பாக எண்ணுள்ள ஜெட்டையே போட வேண்டும். பல டிராக்டர்களில் ஆயில் சம்ப் கனத்த வார்ப்பு. அதைக் கழற்றும் கூலியே அதிகம். ஆகவே ஓவர்ஹாலிங்கின்போதே ஜெட்டுகளையும் சோதிப்பது சிக்கனம். ஜெட் இல்லாத எஞ்சினில் துளையிட்டுப் புதிதாகப் பொருத்துவது கூடவே கூடாது.

பொருத்தும்போது

ஜெட்டை டீசலில் கழுவி, காற்றடித்துச் சுத்தம் செய்யலாம். கம்பி விட்டுக் குத்தினால் துளை பெரிதாகிவிடும். சம்பை மூடுமுன் கிராங்கை இரண்டு முழுச் சுற்று கையால் சுற்றி, பிஸ்டனோ கனெக்டிங் ராடோ ஜெட்டில் இடிக்கிறதா என்று பார்ப்பது அவசியம். புது ஆயிலும் புது ஃபில்டரும் போட்டு, டீசலை நிறுத்தி வைத்தபடி ஸ்டார்ட்டரை விட்டு விட்டுச் சுற்றி, அழுத்தம் வந்த பிறகே எஞ்சினை ஓடவிட வேண்டும்.

பெரிய ஜெட் வாங்கும் பணத்தில் காலத்தே ஆயிலும் ஃபில்டரும் மாற்றி, ரேடியேட்டரைச் சுத்தமாக வைத்திருக்கும் விவசாயிக்கே எஞ்சின் நெடுநாள் உழைக்கும்.