மெயினை ஓஃப் பண்ணின பிறகும் கரண்ட் எங்கே நிக்குது?

போன எபிசோட்டில் வீட்டுப் பற்றரிகளைப் பற்றியும், 2025 ஜூலை 1 முதல் அவுஸ்திரேலிய மத்திய அரசு தருகிற கழிவைப் பற்றியும் கதைத்தோம். அதுக்குப் பிறகு வந்த கேள்விகளில் அநேகமானவை காசுக் கணக்கு. எத்தனை கிலோவாட்-மணி போதும், போட்ட காசு எத்தனை வருஷத்தில் திரும்பும், இப்படி. ஒரு கேள்வி மட்டும் வேற மாதிரி.

"நான் மெல்பேர்னில் யூனியில் இருக்கிறேன். அம்மாவும் அம்மம்மாவும் சிட்னியில். பற்றரியில் ஏதும் பிரச்சினை எண்டா அவை எந்த சுவிட்சை ஓஃப் பண்ண வேணும்? மீற்றர் பெட்டியைத் திறந்தா ஒன்பது லேபிள் இருக்கு. முக்கால்வாசியில 'வோர்னிங்' எண்டு போட்டிருக்கு. எதை முதல்ல வாசிக்கிறது?"

இந்தக் கிழமைப் பாடம் அந்த ஒன்பது லேபிள்கள்தான். ஒரு விஷயம் முதலே சொல்லி வைக்கிறேன். நான் கணினி ஆள், எலெக்ட்ரீஷியன் இல்லை. நாங்கள் செய்யப்போவது வாசிப்பு மட்டும். ஒரு மூடியையும் கழற்றப் போவதில்லை, கூரையில் ஏறப்போவதும் இல்லை.

எங்கள் அப்பா அம்மாவின் தலையில் ஒரு படம் இருக்கிறது. ஊரில் இடி மின்னல் என்றால் "மெயினை ஓஃப் பண்ணு" என்று ஒரு சத்தம் வரும். ஒருத்தர் ஓடிப்போய் ஒரு சுவிட்சை இழுப்பார், முழு வீடும் செத்துவிடும். அந்தப் படம் சரியானது, ஏனென்றால் அந்த வீட்டுக்குக் கரண்ட் வருகிற வழி ஒன்றே ஒன்று. சோலரும் பற்றரியும் உள்ள வீட்டுக்கு வழி மூன்று: தெருக் கம்பி, கூரை, பற்றரி. ஒவ்வொரு சுவிட்சும் ஒரு வழியை, ஒரு இடத்தில் மட்டும் வெட்டுகிறது. லேபிள் சுவிட்சின் பெயரைச் சொல்லும். அதை ஓஃப் பண்ணின பிறகும் எது உயிரோடு நிற்கிறது என்பதை அநேகமாகச் சொல்லாது. குழப்பம் எல்லாம் அங்கேயிருந்துதான் வருகிறது.

முதலில் கூரை. சாதாரண சோலர் பலகை ஒன்று வெயிலில் சுமார் 40 வோல்ட் தரும். பத்துப் பலகையைத் தொடராகக் கோர்த்தால் 400 வோல்ட், அதுவும் டி.சி. இன்வேர்ட்டருக்குப் பக்கத்தில் 'பி.வி. அரே டி.சி. ஐசொலேட்டர்' என்று ஒரு சுவிட்ச் இருக்கும். அதை ஓஃப் பண்ணினால் இன்வேர்ட்டருக்குள் கரண்ட் போகாது. ஆனால் பலகையிலிருந்து அந்த சுவிட்ச் வரைக்கும் வருகிற வயரில் 400 வோல்ட் அப்படியே நிற்கும். சூரியனுக்கு சுவிட்ச் இல்லையே. பைப்பின் அடியைப் பூட்டினால் தாங்கி வெறுமையாகாது, அது மாதிரித்தான். 'ஐசொலேட்டர் ஓஃப்' என்பதை 'கூரை ஓஃப்' என்று வாசிக்கிற ஆட்கள் நிறைய.

டி.சி. ஏன் கூடுதல் ஆபத்து? வீட்டு ஏ.சி. கரண்ட் ஒரு செக்கனுக்கு 100 தரம் பூச்சியத்தைத் தொட்டுவிட்டுப் போகும். அதனால் இடைவெளியில் ஒரு தீப்பொறி எழும்பினாலும் அது தானாக அணைய வாய்ப்பு இருக்கு. டி.சி. பூச்சியத்தைத் தொடுவதே இல்லை. ஓடிக்கொண்டிருக்கிற டி.சி. இணைப்பைக் கையால் இழுத்தால் பொறி அணையாமல் வெல்டிங் மாதிரி எரியும்.

இந்த இடத்தில் அவுஸ்திரேலியாவுக்கே உரிய ஒரு கதை இருக்கு. 2012 இல் வந்த ஏ.எஸ்./என்.இசட்.எஸ். 5033 விதி, பலகைகளுக்குப் பக்கத்தில் கூரையிலேயே ஒரு டி.சி. ஐசொலேட்டர் வேண்டும் என்றது. நோக்கம் பாதுகாப்பு. நடந்தது என்னவென்றால், அந்த பிளாஸ்டிக் பெட்டிகள் வருஷக்கணக்காக வெயிலிலும் மழையிலும் கிடந்து, உள்ளே தண்ணீர் போய், தாங்களே தீப்பிடிக்கத் தொடங்கின. தீயணைப்புப் படைகள் திரும்பத் திரும்ப முறையிட்டன. 2021 இல் வந்த புதிய பதிப்பு கூரை சுவிட்சைக் கட்டாயம் இல்லையென்று ஆக்கிவிட்டது. அதுக்குப் பதிலாக, கழற்றக்கூடிய ஓர் இணைப்பு போதும். புதுக் கூரைகளில் சுவிட்ச் இல்லாவிட்டால் 'ஏமாத்திப்போட்டாங்கள்' என்று நினைக்க வேண்டாம். பழைய கூரைகளில் அந்தப் பெட்டி இன்னும் இருக்கும், அதைப் பரிசோதிக்கச் சொல்லி ஆளைக் கூப்பிடுவது நல்லது.

ஆனால் புது விதி ஒரு புது லேபிளையும் கொண்டுவந்தது. 'கரண்ட் ஓடவில்லை என்று சோதித்த பிறகே கழற்றவும்' என்ற கருத்தில் ஒரு எச்சரிக்கை. வாசித்தால் வீட்டுக்காரருக்குச் சொன்ன மாதிரித்தான் இருக்கும். அது எலெக்ட்ரீஷியனுக்கு எழுதினது. மீற்றர் கருவி கையில் இல்லாத ஆளுக்கு அந்த லேபிளின் ஒரே அர்த்தம், 'தொடாதே'.

அமெரிக்காவில் இருந்து கேட்கிறவர்களுக்கு: அங்கே 'ரப்பிட் ஷட்டவுண்' என்று தனி விதி. புது வீடுகளில் அந்த சுவிட்சை அழுத்தினால் கூரையில் பலகைகளுக்கு இடையே ஓடுகிற வோல்டேஜே 30 செக்கனுக்குள் 80க்குக் கீழே இறங்க வேண்டும். இங்கிலாந்தில் கரண்ட் பெட்டியில் 'டூயல் சப்ளை' என்ற லேபிளைத் தேடுங்கள், இரண்டு பக்கமிருந்தும் கரண்ட் வருகிறது என்று அது நேராகவே சொல்கிறது. எனக்கு அந்தச் சொல் இங்கே உள்ளதைவிடப் பிடிக்கும்.

இப்ப மீற்றர் பெட்டி. உதாரணத்துக்கு, பென்டில் ஹில்லில் எனக்குத் தெரிந்த ஒரு மாமாவின் வீடு. 2012 இல் ஒரு சின்ன சோலர். போன வருஷம் புதுப் பலகைகள், புது இன்வேர்ட்டர், பற்றரி. பழசும் இன்னும் ஓடுகிறது. பெட்டியில் 'மெயின் சுவிட்ச் கிரிட் சப்ளை' ஒன்று, 'மெயின் சுவிட்ச் இன்வேர்ட்டர் சப்ளை' ஒன்று, அதுக்குக் கீழே வெயிலில் மங்கிப்போன 'சோலர் சப்ளை மெயின் சுவிட்ச்' ஒன்று. கடைசி இரண்டும் ஒரே வகையான சுவிட்சுக்கு வெவ்வேறு காலத்துப் பெயர்கள். இரண்டு வெவ்வேறு இன்வேர்ட்டர்களை வெட்டுகின்றன. மாமா அவை இரண்டும் ஒன்றுதான் என்று நினைத்திருந்தார். மூன்று சுவிட்சிலும் 'மெயின்' என்று இருந்தால் யார்தான் நினைக்க மாட்டார்?

"எல்லாத்தையும் விடுங்கோ தம்பி, கிரிட் மெயினை ஓஃப் பண்ணினா எல்லாம் நிக்கும்தானே?" என்றார்.

பற்றரி இல்லாத வீட்டில் அவர் சொன்னது கிட்டத்தட்டச் சரி. தெருக் கரண்ட் போனால் சாதாரண சோலர் இன்வேர்ட்டர் 2 செக்கனுக்குள் தன்னை நிப்பாட்ட வேண்டும் என்பது விதி. தெருவில் கம்பி திருத்துகிற ஆளுக்கு உங்கள் கூரையிலிருந்து ஷொக் அடிக்கக்கூடாது என்பதற்காக வைத்தது அது. பிளக் பொயின்ற் எல்லாம் செத்துவிடும். கூரை வயரில் மட்டும் கரண்ட் நிற்கும்.

பக்கப் வசதி உள்ள பற்றரி வந்ததும் கதை மாறுகிறது. கிரிட் மெயினை ஓஃப் பண்ணின உடனே இன்வேர்ட்டர் என்ன நினைக்கும்? "கரண்ட் போட்டுது" என்று நினைக்கும். உடனே தன் வேலையைச் செய்யும்: தெருவோடு உள்ள தொடர்பை வெட்டிவிட்டு, பற்றரியிலிருந்து பிரிட்ஜ், லைட், வைஃபை எல்லாத்தையும் ஓட்டும். ஐ.டி.யில் இதை ஃபெயிலோவர் என்போம். ஒரு சேர்வர் விழுந்தால் மற்றது எடுத்துக்கொள்ளும். பிரச்சினை என்னவென்றால், விழுந்ததுக்கும் நீங்கள் வேணுமென்று இறக்கினதுக்கும் சிஸ்டத்துக்கு வித்தியாசம் தெரியாது. 'இன்வேர்ட்டர் சப்ளை' சுவிட்சையும் சேர்த்து ஓஃப் பண்ணினாலும் இதே கதைதான். அந்த சுவிட்ச் இன்வேர்ட்டருக்கும் தெருவுக்கும் இடையில் இருக்கிறது. பற்றரிக்கும் பக்கப் லைனுக்கும் இடையில் இல்லை.

ஆக, இரண்டு 'மெயின்' சுவிட்சும் ஓஃப், ஆனால் குசினி பிளக்கில் 230 வோல்ட். அந்த நேரம் மாமா லைட் ஹோல்டரைக் கழற்றினால்? அதை நிப்பாட்ட 'பக்கப் சப்ளை' என்ற சுவிட்சும் பற்றரியின் சொந்த ஐசொலேட்டரும் வேண்டும். அவை மீற்றர் பெட்டியில் இல்லாமல் கராஜ் பக்கச் சுவரில், பற்றரிக்குப் பக்கத்தில் இருக்கலாம். மாமா வீட்டில் அப்படித்தான். பலரும் நம்பியிருக்கிற போன் ஆப் ஒன்றும் இருக்கு. அதில் 'ஸ்டாண்ட்பை' என்று போட்டால் மென்பொருள் ஓய்வெடுக்கும். வயர் ஓய்வெடுக்காது.

ஒழுங்குமுறை: 'ஷட்டவுண் புரொசீஜர்' என்று எண் போட்ட ஒரு லேபிள் இருக்கும். பொதுவாக ஏ.சி. சுவிட்சுகள் முதல், டி.சி. சுவிட்சுகள் பிறகு. காரணம் மேலே சொன்ன பொறி. ஏ.சி. பக்கத்தை வெட்டினால் இன்வேர்ட்டர் கரண்ட் இழுப்பதை நிப்பாட்டும், அதுக்குப் பிறகு டி.சி. சுவிட்ச் வெறும் கையோடு திறக்கும். ஆனால் உங்கள் வீட்டு லேபிளில் வேறு ஒழுங்கு இருந்தால் அதுதான் சட்டம், இந்தக் கட்டுரை இல்லை. மாமா வீட்டில் புது லேபிள் புது இன்வேர்ட்டரை மட்டும் சொல்கிறது, 2012 இன்வேர்ட்டரை மறந்துவிட்டது. இன்ஸ்டோலரைத் திரும்பக் கூப்பிட்டு முழு வீட்டுக்கும் ஒரே ஒழுங்கு எழுதி ஒட்டச் சொன்னோம். அது கேட்க வேண்டிய விஷயம், கேட்டால் செய்வார்கள்.

சின்னச் சின்னக் குறிகள் சில. சுவிட்சில் நேர்கோடு என்றால் ஓன், வட்டம் என்றால் ஓஃப். கணினி படித்தவனுக்கு 1, 0. அம்மாவுக்கு அந்த வட்டம் 'ஓ' எழுத்து, 'ஓன்', 'ஓஃப்' இரண்டுமே 'ஓ'வில்தான் தொடங்குது! மின்னல் குறிக்குப் பக்கத்தில் மணிக்கூடும் '5 நிமிடம்' போன்ற எண்ணும் இருந்தால், ஓஃப் பண்ணின பிறகும் உள்ளே அவ்வளவு நேரம் மின்சாரம் தேங்கி நிற்கும் என்று அர்த்தம். மீற்றர் பெட்டிக் கதவில் பச்சை வட்டத்தில் 'பி.வி.', 'ஈ.எஸ்.' என்று ஒளிருகிற ஸ்டிக்கர்கள் தீயணைப்பு வீரர்களுக்கு: முதலாவது கூரையில் சோலர், இரண்டாவது பற்றரி. அழகில்லை என்று உரித்துவிட வேண்டாம்.

எல்லாரும் தாண்டிப் போகிற ஒரு லேபிள் பற்றரியின் பக்கத்தில் ஒட்டின மொடல் இலக்கமும் சீரியல் இலக்கமும். அதை இன்றைக்கே போட்டோ எடுங்கள். எல்.ஜி. நிறுவனத்தின் சில வீட்டுப் பற்றரிகள் சூடாகித் தீப்பிடிக்கக்கூடும் என்று இங்கே திருப்பி அழைக்கப்பட்டன. ஏ.சி.சி.சி. என்ற நுகர்வோர் ஆணையம் மக்களுக்குப் பலமுறை நினைவூட்ட வேண்டியிருந்தது. உங்கள் பற்றரி அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று பார்க்க அந்த இலக்கம்தான் வேண்டும். வீட்டைப் பழைய சொந்தக்காரரிடம் வாங்கினவர்களுக்குக் கடிதம் வந்திருக்காது, அவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டும்.

இனி, கேள்வி கேட்ட தங்கச்சிக்கு நேரான பதில். பற்றரியிலிருந்து புகை, சீறுகிற சத்தம், கெட்ட மணம், வெடிக்கிற மாதிரி டப் டப் சத்தம் வந்தால் அம்மாவும் அம்மம்மாவும் ஒரு சுவிட்சையும் தேடக்கூடாது. அந்தப் புகை நஞ்சு, தீயும் பிடிக்கும். கராஜ் கதவைச் சாத்திவிட்டு எல்லாரும் வெளியே. அணைந்த மாதிரி இருந்தாலும் மணித்தியாலக்கணக்கு கழித்துத் திரும்பப் பற்றும், உள்ளே போய்ப் பார்க்கக்கூடாது. வெள்ளம் பெட்டிக்குக் கிட்ட வந்துவிட்டாலும் அதே கதை: தண்ணிக்குள் நின்று சுவிட்ச் தொடக்கூடாது. வெள்ள உதவிக்கு எஸ்.ஈ.எஸ். 132 500. தண்ணி வடிந்த பிறகு எலெக்ட்ரீஷியன் பார்க்காமல் ஒன்றையும் ஓன் பண்ணவும் கூடாது.

சுவிட்ச் தேவைப்படுவது மற்ற நேரங்களில்: வெள்ளம் வரப்போகிறது என்று முதல் நாளே தெரியும்போது, இன்வேர்ட்டரில் சிவப்பு லைட் எரிந்து கம்பெனி போனில் 'ஓஃப் பண்ணுங்கோ' என்று சொல்லும்போது. அதுக்கு ஒரு தமிழ்த் தாள் வேண்டும். அடுத்த முறை வீட்டுக்குப் போகிறபோது இன்ஸ்டோலரையோ எலெக்ட்ரீஷியனையோ அரை மணித்தியாலம் கூப்பிட்டு, ஒவ்வொரு சுவிட்சாக ஓஃப் பண்ணச் சொல்லி வீடியோ எடுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரே கேள்வி: "இப்ப எது இன்னும் லைவ்?" பிறகு 1, 2, 3, 4 என்று எண் ஸ்டிக்கர் ஒட்டுங்கள், சுவிட்சுக்குப் பக்கத்தில். உள்ள லேபிள்களை மறைக்காமல் ஒட்ட வேண்டும். தாளில் அம்மா கதைக்கிற மாதிரியே எழுதுங்கள்: "மீற்றர் பெட்டியில 1, 2. பிறகு கராஜ் சுவரில 3, 4. கைப்பிடி வட்டத்துக்கு வந்தா ஓஃப். நாலும் ஓஃப் எண்டாலும் கூரை வயரில கரண்ட் இருக்கும்." எழுத்து பெரிதாக இருக்கட்டும், அம்மம்மா கண்ணாடி தேட வேண்டாம்.

தாளின் மேல் வரி 000. ஆங்கிலம் தடுமாறினால் முதலில் "ஃபயர்" என்ற ஒரு சொல், தீயணைப்பு ஆள் லைனுக்கு வந்ததும் "தமிழ்" என்ற ஒரு சொல். மொழிபெயர்ப்பாளரைச் சேர்க்கும்வரை லைனை வெட்டக்கூடாது. பிறகு விலாசம், "சோலர் இருக்கு, பற்றரி இருக்கு", பற்றரி எந்தச் சுவரில் என்பது. வருகிற ஆட்கள் கூரையில் கை வைப்பதற்கு முன் கேட்கப்போவது அதைத்தான்.