சூளையும் எரிமலையும்: காபன், நைதரசன் சுற்றிவரும் வழி

காலபோகத்துக்கு விதைத்த வன்னிக் கமக்காரரிடம், பயிர் மஞ்சளித்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். "யூரியா எறியவேண்டும்" என்பார். 50 கிலோ யூரியா மூடையில் இருப்பது 23 கிலோ நைதரசன். அவர் வயலின் ஒவ்வொரு சதுர மீற்றருக்கும் மேலாகக் காற்றில் நிற்பதோ ஏறத்தாழ ஏழரைத் தொன் நைதரசன்! தலைக்கு மேல் இத்தனை இருக்க, நெல் ஏன் பட்டினி கிடக்கிறது? இவ்வளவு நைதரசனும் எங்கிருந்து வந்தது? இவ்வினாக்களை அதன் தோழனாகிய காபனோடு சேர்த்து இன்று ஆராய்வோம்.

சூளை கற்பிக்கும் பாடம்

சுண்ணாம்புச் சூளையை வாசகர் பலர் பார்த்திருப்பீர்கள். 100 கிலோ தூய சுண்ணக்கல்லைச் சுட்டால் 56 கிலோ சுண்ணாம்பே மிஞ்சும். மற்ற 44 கிலோவும் காபனீரொட்சைட்டாகக் காற்றில் போய்விடுகிறது. அந்தச் சுண்ணாம்பை நீற்றிச் சுவருக்குப் பூசினால், அது காற்றிலுள்ள காபனீரொட்சைட்டை மெல்ல உறிஞ்சி மீண்டும் கல்லாக இறுகுகிறது. பூமி செய்வதும் இதுவே. அதன் சூளை பெரிது, காலம் மிக நீண்டது.

மழைநீர் காற்றிலுள்ள காபனீரொட்சைட்டைக் கரைத்து மெல்லிய அமிலமாகிறது. அது வன்னிப் பாறைகளைச் சிறிது சிறிதாக அரிக்கிறது. கரைந்த கல்சியம் கனகராயன் ஆற்றோடு இரணைமடுவுக்கும், பின் சுண்டிக்குளம் களப்புக்கும், கடலுக்கும் போகிறது. சிப்பியும் சங்கும் பவளமும் அதைக் கொண்டு ஓடு கட்டுகின்றன. அவை இறந்து படிந்து சுண்ணக்கல்லாகின்றன. யாழ்ப்பாணக் குடாநாட்டின் மயோசீன் காலச் சுண்ணக்கல் இவ்வாறு உண்டானதே.

கடலடியிற் புதைதல்

நாம் வாழும் நிலம் இந்தியத் தட்டின் மேல் இருக்கிறது. அத்தட்டின் கிழக்கு விளிம்பு, அந்தமான், சுமாத்திராப் பகுதியில், ஆண்டுக்குச் சில சென்ரிமீற்றர் வீதம் அயல் தட்டின் கீழே இறங்குகிறது. 2004 டிசம்பர் 26இல் அவ்விளிம்பு திடீரென வழுக்கியதாலேயே ஆழிப்பேரலை எழுந்து முல்லைத்தீவுக் கரையை அழித்தது. அத்துயரை நாம் மறக்கமாட்டோம்.

இறங்கும் தட்டு கடலடிச் சேற்றையும் ஓடுகளையும் சுமந்து செல்கிறது. ஒரு பகுதி சுரண்டப்பட்டு மேலேயே தங்கிவிடும். எஞ்சியது ஆழத்துச் சூட்டில் வெந்து, காபனீரொட்சைட்டை விடுகிறது. அவ்வாயு எரிமலைகள் வழியே மீண்டும் காற்றை அடைகிறது. இச்சுற்று ஒருமுறை முடியப் பத்து இருபது கோடி ஆண்டுகள் செல்லும்.

நைதரசனின் பயணம்

ஆதியில் நைதரசனும் பூமியின் உள்ளிருந்தே வாயுவாக வெளிவந்தது என்பர் அறிஞர். உயிர்கள் இறந்து சேற்றிற் புதையும்போது அவற்றின் நைதரசன் அமோனியமாக மாறுகிறது. அமோனியம் பொற்றாசியத்தை ஒத்த பருமனுடையது. ஆகவே களிமண்ணிலும் மைக்காவிலும் பொற்றாசியத்தின் இருக்கையில் அது அமர்ந்துகொள்கிறது. தட்டோடு சேர்ந்து ஆழத்துக்கும் போகிறது. ஒரு பங்கு எரிமலை வாயுவாகத் திரும்புகிறது. மற்றொரு பங்கு உள்ளேயே தங்குகிறது. 150 கிலோமீற்றருக்கும் கீழே உருவாகும் வைரங்களுள் நைதரசன் காணப்படுவது இதற்குச் சான்று.

நம் பிரதேசத்தின் பெயரையே தாங்கிய "வன்னித் தொகுதி" என்னும் பழம்பாறைகள், ஏறத்தாழ 55 கோடி ஆண்டுகளின் முன் ஆழத்தில் வெந்து உருமாறியவை. அத்தொகுதி தென்மேற்கே நீள்கிறது. அங்குள்ள ககட்டகக, போகல சுரங்கங்களில் எடுக்கப்படும் காரீயம் தூய காபனே.

நமக்கு என்ன?

காற்றிலுள்ள நைதரசன் அணுக்கள் இரண்டிரண்டாக மும்மைப் பிணைப்பால் இறுகியுள்ளன. நெல்லால் அதை உடைக்க இயலாது. மின்னல் சிறிது உடைக்கும். உளுந்து, பயறு வேர்முடிச்சுகளில் வாழும் பற்றீரியாவும் உடைக்கும். யூரியாத் தொழிற்சாலை பெரும் சூட்டாலும் அமுக்கத்தாலும் உடைக்கும். 2021இல் இரசாயனப் பசளை இறக்குமதி திடீரெனத் தடைசெய்யப்பட்டபோது, அந்தக் காலபோகத்தில் நாடெங்கும் நெல் விளைச்சல் வீழ்ந்தது. மண்ணில் நைதரசனைச் சேர்ப்பது ஒரு நாளில் ஆகும் காரியமன்று என்பதை அன்று கண்டோம். நெல்லுக்குப் பின் உளுந்து விதைக்கும் வழக்கத்தின் அருமையும் இதுவே.

காபனிலோ குறை வேறு. பூமி கோடிக்கணக்கான ஆண்டுகளாகப் புதைத்த நிலக்கரியையும் எண்ணெயையும் நாம் இரு நூற்றாண்டுகளில் எரித்து வருகிறோம். உலக எரிமலைகள் அனைத்தும் ஆண்டுதோறும் விடும் காபனீரொட்சைட்டு, மனிதர் விடுவதில் நூறில் ஒரு பங்களவே. 1958இல் காற்றின் பத்து இலட்சம் பங்கில் 315ஆக இருந்தது, இன்று 420ஐத் தாண்டிவிட்டது. மழையும் பாறையும் இதைச் சரிசெய்யும். ஆனால் நம் பேரப்பிள்ளைகளின் காலத்துக்குள் அன்று. அதுவரை காட்டைக் காப்பதும், எரிப்பதைக் குறைப்பதும் நம் பொறுப்பு.

மீட்டற் பயிற்சி

1. சுண்ணாம்புச் சூளைக்கும் எரிமலைக்கும் உள்ள ஒற்றுமை யாது?
2. அமோனியம் மைக்காவிற் புகுவது எதனால்?
3. உங்கள் ஊரில் நெல்லுக்குப் பின் எப்பயிர் விதைக்கிறார்கள்? காரணத்தைப் பெரியவர்களிடம் கேட்டறிக.