பாதியில் நின்ற கணக்கு

கேள்வி: மெயின்ஃபிரேமில் என் புரோகிராம் '0சி7' என்று பாதியில் நின்றுவிடுகிறது. பிழையை எப்படிப் பிடிப்பது?
– வாசகர், ஒகேனக்கல்

பதில்: 0சி7 என்றாலே எண் இருக்க வேண்டிய இடத்தில் வேறு ஏதோ உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம். உங்கள் ஊருக்கு மேலே பிலிகுண்டுலுவில் காவிரி நீர்வரத்தை அளக்கிறார்களே, அப்படி ஒரு கணக்கை வைத்துக்கொள்வோம். ஒருநாள் அளவை நிரப்பாமல் விட்டால், பேக்டு டெசிமல் இடத்தில் 404040 என்று நிற்கும். எப்சிடிக் குறியீட்டில் 40 என்றால் வெற்றிடம். கடைசி அரை பைட்டில் கூட்டல், கழித்தல் குறி இருக்க வேண்டும், இங்கே பூஜ்யம். இயந்திரம் எப்படிக் கூட்டும்?

டம்ப்பில் முதலில் பிஎஸ்டபிள்யூவைப் பாருங்கள். அது தவறிய ஆணைக்கு அடுத்ததைக் காட்டும்; ஓர் ஆணை பின்னால் போங்கள். பிறகு டிஎஸ்ஓவில் 'டெஸ்ட்' கொடுத்து புரோகிராமை ஏற்றி, அந்த முகவரிக்கு 'ஏட்' போடுங்கள். 'கோ' சொன்னால் ஓடிவந்து அங்கே நிற்கும். 'லிஸ்ட்' கேட்டால் அந்த 404040-ஐக் கண்ணாலேயே பார்ப்பீர்கள். எனக்கு இன்றும் மகிழ்ச்சி தரும் கணம் அது. புரோகிராம் ரெக்ஸ் மொழியில் என்றால் 'டிரேஸ் ஐ' போதும்.

1973-இல் சென்னை ஐஐடிக்கு ஐபிஎம் 370 வந்த காலத்தில் கார்டுக் கட்டைக் கொடுத்துவிட்டு அச்சுத்தாளுக்காகக் காத்திருக்க வேண்டும். உங்களுக்கு அந்தக் காத்திருப்பு இல்லை. புரோகிராம் கோபால் மொழியில் என்றால், கூட்டுவதற்கு முன் 'இஃப் நியூமெரிக்' சோதனை ஒன்றையும் சேர்த்துவிடுங்கள்.